புயலுக்கு முன் எதை எடுப்பது, எதை உயரே ஏற்றுவது, எதை விட்டுவிடுவது

சோழமண்டலக் கரைக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளத்தில் வாடகைக்கு வந்தவர்கள், மாற்றலாகிக் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்த ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், திருமணமாகிக் கரையோர ஊருக்கு வந்த பெண்கள். கோவையிலும் மதுரையிலும் வளர்ந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழைதான் நினைவுக்கு வரும். இங்கே தானே, வர்தா, கஜா, நிவர், மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று புயல்களின் பெயரைச் சொல்லித்தான் ஆண்டுக்கணக்கே பேசுகிறார்கள். "தானே வந்த வருஷம் பிறந்த பிள்ளை" என்றால் கடலூரில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மெழுகுவத்தி, குடிநீர், பிஸ்கட், மாத்திரை என்று வாங்கி வைக்கச் சொல்லும் பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அரிய பொருட்களை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. டிவியும் மிக்ஸியும் கட்டிலும் போவது இழப்புதான். தவணையில் வாங்கியவர்களுக்குப் பெரிய இழப்பு. ஆனால் வெள்ளம் வடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது அம்மாவின் ஒரே புகைப்படம், அப்பா எழுதிய நோட்டு, தாத்தா காலத்துப் பத்திரம். இவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்க முடியும். எதை எடுப்பது என்று முன்பே முடிவு செய்யாததால்தான் போயின.

தொடங்கும் முன் ஒன்று. வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டால் பொருளுக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. வீட்டில் மாடு, ஆடு இருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். கட்டிப்போட்ட மாடு தண்ணீரில் தப்பாது. நாயைக் கையோடு கூட்டிச் செல்லுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள வேலைகளைப் புரட்டாசியிலேயே செய்துவிட்டால், அறிவிப்பு வரும் நேரத்தில் கை வைக்க வேண்டிய பொருள் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு ஆபத்து எங்கிருந்து வரும்?

எல்லோரும் "எல்லாவற்றையும் பரண்மேல் போடு" என்பார்கள். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. புயல் வீட்டை மூன்று வழியில் தாக்கும்: கீழிருந்து ஏறும் வெள்ளம், மேலே கூரையைப் பெயர்க்கும் காற்று, கடலே ஊருக்குள் புகுவது. எது உங்களுக்கு என்று தெரிந்த பிறகுதான் பொருளை எங்கே வைப்பது என்று பேச முடியும்.

கான்கிரீட் வீட்டின் தரைத்தளத்தில் இருந்தால் உங்கள் கவலை வெள்ளம். அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து, "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது? மிக்ஜாமுக்கு எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். இஸ்திரி போடுகிறவர், டீக்கடைக்காரர், தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஆகியோருக்கு இது துல்லியமாகத் தெரியும். வீட்டு உரிமையாளர் "இங்கே தண்ணீரே வராது" என்று சொன்னாலும் இவர்களையும் கேளுங்கள். சில மதில்களில் பழுப்புக் கோடு இன்னும் இருக்கும். அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே உங்கள் வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடு, கீற்று, ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடு என்றால் கதை வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது, அந்தப் பகுதியில் கூரைகள்தான் முதலில் போயின. அத்தகைய வீட்டில் பரண்மேல் பொருளை ஏற்றுவது காற்றின் வாயில் கொடுப்பதற்குச் சமம். அங்கே பாதுகாப்பான இடம் பக்கத்துத் தெரு மாடி வீடு. யாரிடம் கொடுத்து வைக்கலாம் என்று முன்பே பேசிவையுங்கள். புயல் நேரத்தில் இந்த ஊர்களில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் கேட்காமல் கடைசி நேரத்தில் மூட்டையோடு போய் நிற்பது இருவருக்கும் சங்கடம்.

கடலை ஒட்டிய தாழ்வான குப்பத்தில் இருப்பவர்களுக்கு உயரம், கூரை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பயணிகளோடு ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. கடல் பொங்கும் என்று எச்சரிக்கை இருந்தால் அருமையான பொருள் எதையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளூரில் மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது படி: ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி

ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். பொருளைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: நனைந்தால் கெடுமா? அடித்துக்கொண்டு போகுமா? போனால் மறுபடி கிடைக்குமா?

விலையைக் கேட்காதீர்கள். விலை குழப்பும். ஐம்பதாயிரம் ரூபாய் டிவியும் ஐந்து ரூபாய் நோட்டுப்புத்தகமும் பக்கத்தில் இருந்தால் கை தானாக டிவியைத் தேடிப் போகும். அந்த நோட்டில் உங்கள் பாட்டி தன் கையெழுத்தில் எழுதிவைத்த ஊறுகாய் அளவுகள் இருக்கலாம், அல்லது மொய்க் கணக்கு இருக்கலாம். மொய் நோட்டு போனால் இரண்டு தலைமுறை உறவுக் கணக்கு போய்விடும். அதைத் திரும்ப எழுதித் தர யாராலும் முடியாது.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். குத்துவிளக்கு, வெண்கல உருளி, பித்தளை அண்டா, எவர்சில்வர் பாத்திரம், அம்மி ஆகியவை நனைந்தால் ஒன்றும் ஆகாது, கனமானவை மிதந்து போகவும் மாட்டா. விட்டுவிடுங்கள். புளி போட்டுத் தேய்த்தால் விளக்கு பழையபடி மின்னும். பூஜை அறையில் விக்கிரகங்களை அப்படியே விடலாம். காகிதத்தில் அச்சான சாமி படங்களும் கையால் எழுதிய மந்திர நோட்டும்தான் எடுக்க வேண்டியவை. அச்சிட்ட புத்தகங்களில் கடையில் கிடைப்பவை ஒரு வகை. ஓரத்தில் அப்பா குறிப்பெழுதிய புத்தகம் வேறு வகை.

நோட்டில் நான்கு தலைப்பு போதும்: உடம்போடு வருவது, தோள்பையில் வருவது, உயரே ஏறுவது, அப்படியே விடுவது. முதல் இரண்டையும் எவ்வளவு சிறியதாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஆளுக்கு ஒரு தோள்பைதான். முழங்கால் தண்ணீரில் குழந்தையையும் பெரியவர்களையும் பிடித்து நடக்க இரண்டு கையும் வேண்டும்.

மூன்றாவது படி: வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், கேட்கும் விதத்தில் கேளுங்கள்

பட்டியலைத் தனியாளாக எழுதாதீர்கள். குடும்பத் தலைவர் எழுதும் பட்டியலில் பத்திரம், பாஸ்புக், நகை இருக்கும், அதோடு முடிந்துவிடும்.

பெரியவர்களிடம் "உங்களுக்கு எது வேண்டும் பாட்டி?" என்று கேட்டால் வரும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "எனக்கு என்ன வேண்டும் கண்ணு, நீங்கள் நன்றாக இருந்தால் போதும்." அதை அப்படியே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அவருடைய பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். எந்தப் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பேசத் தொடங்குகிறாரோ அது பட்டியலில் சேரட்டும். அது ஒரு வெற்றிலைச் செல்லமாக இருக்கலாம், கணவர் ரங்கூனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ எழுதிய கடிதக் கட்டாக இருக்கலாம், இறந்துபோன பிள்ளையின் சட்டையாக இருக்கலாம். ஏன் என்று வாதாடத் தேவையில்லை. கையில் பிடிக்கும் அளவு பொருள் என்றால் தோள்பையில் அதற்கு இடம் உண்டு.

அவருடைய மூக்குக்கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி, மருந்துச் சீட்டு ஆகிய நான்கையும் பட்டியலின் தலையில் எழுதுங்கள். இவை "அரிய பொருள்" போலத் தோன்றாது. முகாமில் ஒரு வாரம் இருக்க நேர்ந்தால் இவற்றின் அருமை தெரியும்.

குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு பொருள், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கிழிந்த கரடி பொம்மையைத் தேர்ந்தெடுத்தால் அதுதான். இருட்டில், புதிய இடத்தில், காற்றின் ஓலத்தில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்கும்.

நான்காவது படி: காகிதங்கள்

ஆவணங்களில் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் அட்டை போனாலும் பெரிய கவலை இல்லை. பட்டா, சிட்டாவை இணையத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றும் அப்படியே. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆவணங்களை இழந்தவர்களுக்கு மாற்று ஆவணம் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆகவே இவற்றுக்காகக் கலங்க வேண்டாம்.

கலங்க வேண்டியது அசல் கிரயப் பத்திரத்துக்கும் மூலப் பத்திரத்துக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க முடியும்தான். ஆனால் அசல் தொலைந்த சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போது காவல்துறைப் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டறிய இயலாச் சான்று என்று அலைய வேண்டியிருக்கும். பதிவு செய்யாத பழைய பாகப்பிரிவினைச் சீட்டு, கையால் எழுதிய உயில், கடன் பத்திரம் ஆகியவற்றுக்கு உலகத்திலேயே ஒரே பிரதிதான் உண்டு. அடுத்து பள்ளி, கல்லூரி மதிப்பெண் சான்றிதழ்களும் மாற்றுச் சான்றிதழும். நகல் கிடைக்கும், பழைய பள்ளியின் படியேறி, விண்ணப்பித்து, காத்திருந்து வாங்க வேண்டும்.

பாதுகாப்பு என்று நினைத்து அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். ஓரம் லேசாகப் பிரிந்தாலும் உள்ளே நீர் புகுந்து வெளியேற வழியின்றிக் காகிதத்தை அழுகவைக்கும். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போகும்போதும் தொல்லை தரும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை போதும்; ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உறை, உள் உறையில் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

மையையும் பாருங்கள். பந்துமுனைப் பேனா எழுத்து பெரும்பாலும் தண்ணீரைத் தாங்கிவிடும். மைப்பேனா எழுத்து கரைந்து நீலக் கறையாகிவிடும். அந்தக் காலத்துக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பெரும்பாலும் மைப்பேனாவில் எழுதியவை. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த நகலும் கரையும். கடையில் எடுக்கும் ஜெராக்ஸ் நிற்கும். கையெழுத்துப் பிரதிகளை ஆபத்து வரிசையில் முன்னே வையுங்கள்.

சில வீடுகளில் ஓலையில் எழுதிய ஜாதகமோ மருத்துவச் சுவடியோ இருக்கும். அதைப் பிளாஸ்டிக்கில் இறுக்கமாகக் கட்டி மாதக்கணக்கில் வைத்தால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வைத்திருங்கள். புயல் வரும் சில நாட்களுக்கு மட்டும் அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: புகைப்படங்கள், குரல்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும். பத்திரம் போனால் பத்திரம் போனது. வழி ஏதோ உண்டு. படம் போனால் முகமே போய்விடுகிறது.

நனைந்த திருமண ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலட்டை நன்றாகத்தான் இருக்கும். திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்க இழுத்தால் மணமகளின் முகம் எதிர்ப்பக்கத்து மாமாவின் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்தப் பக்கம் வெள்ளைக் காகிதம் மட்டும் மிஞ்சும். படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டின் நீரில் ஊறி, காயும்போது பசையாகிவிடுவதே காரணம். பழைய கறுப்பு வெள்ளைப் படமும் அப்படித்தான்.

ஆகவே புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். சுவரில் மாலை போட்டுத் தொங்கும் தாத்தா பாட்டி படங்களை இறக்கி, சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நேராகக் கைபேசியால் படமெடுங்கள். வெயில் நேரடியாக விழக் கூடாது. நிழல் வெளிச்சம் போதும். படம் கண்ணாடியோடு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும். எடுக்கும்போதே பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் குரலும் சேர்ந்து கிடைக்கும்.

எடுத்ததை உங்கள் கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. கைபேசியும் அதே தண்ணீரில்தான் இருக்கும். இணையச் சேமிப்பில் ஒரு பிரதி, கரையோரத்தில் இல்லாத ஊரில் இருக்கும் உறவினரிடம் பென் டிரைவில் ஒரு பிரதி. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ ஒரு சித்தியோ அத்தையோ இல்லாத குடும்பம் குறைவு.

ஒலிநாடாவில் தாத்தா பாடியதோ, பேசியதோ இருந்தால் அதைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகள் பெரிய ஊர்களில் இன்னும் உண்டு. புயல் வராவிட்டாலும் நாடா வீணாகிக்கொண்டுதான் இருக்கிறது. வன்தட்டு நனைந்துவிட்டால் மின்இணைப்பு கொடுத்துச் சோதிக்காதீர்கள். அப்படியே தரவு மீட்பவரிடம் கொண்டு போங்கள்.

ஆறாவது படி: நகை, பட்டு, வாத்தியம், ஓவியம்

நகை நனைந்தால் கெடாது, காணாமல் போகும். அணியக்கூடியதை அணிந்துகொள்ளுங்கள், மற்றதைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். முகாமில் பையில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்று முழுமையாக நிம்மதியடையவும் வேண்டாம். 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இயற்கைச் சீற்றத்தால் பெட்டகப் பொருளுக்கு நேரும் சேதத்துக்குப் பொதுவாக வங்கி பொறுப்பேற்காது. பெட்டக அறை தரைத்தளத்திலோ அதற்கும் கீழேயோ இருந்தால், உள்ளே வைத்திருக்கும் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். நகைக்கு அது தேவையில்லை.

பட்டுச் சேலைக்குத் தண்ணீரைவிடச் சேறு பகை. அகலக் கரையுள்ள சேலை நனைந்து மடிப்போடு கிடந்தால் கரையின் சாயம் சேலையின் உடல்பகுதியில் இறங்கும், சரிகை கறுக்கும். எல்லாப் பட்டையும் தோளில் சுமக்க முடியாது. முகூர்த்தப் புடவை ஒன்று, அம்மாவின் புடவை ஒன்று என்று தேர்ந்தெடுத்து உறையில் போடுங்கள். மற்றவை உயரே ஏறட்டும்.

வீணை வைத்திருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டும். வீணையின் மேளம், அதாவது மெட்டுகள் அமர்ந்திருக்கும் மெழுகுப் பகுதி, சரியாக அமைய நல்ல கைவினைஞர் வேண்டும். குடம் நீரில் ஊறினால் பலா மரம் வெடிப்பு விடும். மிருதங்கத்தின் தோலும், அதன் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான கரணையும் நனைந்தால் புதிதாகத்தான் மூட்ட வேண்டும். கட்டை மட்டும் காய்ந்து தேறும். இவை கனம், தோள்பைக்குள் வராது. மாடி வீட்டில் கொடுத்து வைப்பதுதான் வழி. தஞ்சாவூர் ஓவியமும் அப்படியே. பலகைமேல் ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மேடு, அதன்மேல் தங்கத் தாள். நீர் பட்டால் அடியில் உள்ள பசைதான் முதலில் விடும். வடகிழக்குப் பருவத்தில் ஓதம் ஏறும் சுவரில் அதைத் தொங்கவிடவே கூடாது.

ஏழாவது படி: எதில் வைப்பது, எங்கே ஏற்றுவது

பழைய தகரப் பெட்டியை நம்பாதீர்கள். மூடி ஓரத்திலும் கீல் வழியாகவும் நீர் நுழையும், நுழைந்தது வெளியே வராது. பீரோவும் அப்படியே, பத்திரங்களை எல்லோரும் அதன் லாக்கரில்தான் வைக்கிறோம், அந்த லாக்கர் பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்கு மேல் போவதில்லை. மர அலமாரி ஊறினால் கதவு இறுகிக்கொண்டு திறக்காது.

இறுக்கமான திருகுமூடி வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் நல்ல பாதுகாப்பு. உறையில் போட்ட பொருட்களைத் துணி வைத்து அடுக்கி மூடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: காற்று அடைபட்ட டிரம் மிதக்கும். ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டுங்கள், நீர் ஏறும்போது மேலே எழும்பக் கொஞ்சம் தளர்வு விட்டு.

கான்கிரீட் பரண் இருந்தால் அதுவே முதல் இடம். குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் எதையும் வைக்காதீர்கள். அது உயரமாகத் தெரியும். தண்ணீர் இடுப்பளவு வந்தால் மிதந்து சாய்ந்துவிடும். மெத்தையும் மரக்கட்டிலும் மிதக்கும். கட்டில்மேல் அடுக்கி வைத்த ஆல்பங்கள் சேற்றில் கிடப்பது இப்படித்தான். ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள அலமாரியும் வேண்டாம். வர்தா போன்ற காற்றுக்குக் கண்ணாடி உடைந்தால் மழை அறை முழுவதும் பாயும்.

தரைத்தள வீட்டில் வெள்ளம் வாசல் வழியாக வரும் முன்பே கழிவறை வழியாகக் கொப்பளிக்கும். மணல் மூட்டையைப் பீங்கான்மேலும் குளியலறை நீர்த்துளைமேலும் வையுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வீடுகளுக்குள் வந்தது. ஊருக்குள் வருவது மழைநீர் மட்டும் என்று நினைக்காதீர்கள். "கொஞ்சம் நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

எட்டாவது படி: எச்சரிக்கை வந்த பிறகு

செய்தியில் வரும் சொற்களுக்கு வரிசை உண்டு. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், பிறகு புயல். காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால்தான் பெயர் வைப்பார்கள். பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயரே இல்லை.

தாழ்வு மண்டலம் என்று கேட்ட நாளில் நோட்டை வெளியே எடுங்கள். மாடி வீட்டில் கொடுக்க வேண்டியவற்றைக் கொடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும் கைபேசியில் காணொளி எடுத்து உறவினருக்கு அனுப்புங்கள். பிறகு காப்பீட்டுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்புக்கும் உதவும். வானிலை மையத்தின் புயல் முன்னெச்சரிக்கை கரைக்கு 48 மணி நேரம் முன்பே வரும், அடுத்தது 24 மணி நேரம் முன்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் உயரே ஏற்றும் வேலை முடிந்திருக்க வேண்டும். சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் உறையில் இருக்கட்டும். கஜாவுக்குப் பிறகு டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, ஏடிஎம்மும் கைபேசிப் பணமும் உதவவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடியட்டும். கஜா, நிவர், மாண்டஸ் மூன்றும் இரவில் கரையைக் கடந்தவை. முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை முதலிலேயே நிறுத்திவிடுவார்கள். இருட்டில் பரண் ஏறி விழுந்தவர்கள் உண்டு. யார் எதை எடுப்பது என்று பீரோ கதவின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால், அந்த நேரத்தில் "நீ எடுத்தாயா, நான் எடுத்தேனா" என்ற கூச்சல் இருக்காது.

காற்று சட்டென்று நின்றால் ஏதாவது எடுக்க வெளியே ஓடாதீர்கள். புயலின் கண் கடந்துகொண்டிருக்கலாம். எதிர்த்திசைக் காற்று வரப்போகிறது.

ஒன்பதாவது படி: நனைந்துவிட்டால்

ஈரமான காகிதத்திலும் படத்திலும் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். வீட்டைக் கழுவும் முன் இவற்றைக் கவனியுங்கள். சேற்றில் கிடப்பதால் எல்லாம் குப்பை என்று முடிவு செய்யாதீர்கள், நிறையத் தேறும்.

படங்களை ஒட்டியபடி காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீர் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் பிரியுங்கள். முகப் பக்கத்தை விரலால் தேய்க்க வேண்டாம். அசைத்து அலசினாலே சேறு போகும். பிறகு நிழலில் பருத்தித் துணிமேல் முகம் மேலாகப் பரப்புங்கள், அல்லது கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில் வேண்டாம், சுருண்டு வெடிக்கும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே நீரில் வையுங்கள்.

பத்திரக் கட்டு ஊறிவிட்டால் தாள் தாளாகப் பிய்க்காதீர்கள். முதலில் நீரை வடியவிட்டு, ஈரம் சற்றுக் குறைந்ததும் இடையிடையே வெள்ளைத் தாளோ துணியோ வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாளின் மை ஒட்டும் என்பதால் அது வேண்டாம். பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாக, தனித்தனி நீரில், முறுக்காமல் அலசி, பழைய வேட்டியில் சுருட்டி ஈரம் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஓலைச்சுவடியை வெயிலில் போட்டால் முறுகி உடையும். நிழலில், காற்றோட்டத்தில் காயட்டும். புல்தைலம் பூசுவது பிறகு, தெரிந்தவர் கையால்.

காப்பாற்றிய பொருட்களை உடனே கீழே இறக்கிவிட வேண்டாம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த பிறகுதான் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர், விழுப்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. காற்று ஓய்ந்ததும் பரணிலிருந்து இறக்கிவிட்டு இரண்டு நாள் கழித்து இழப்பது கொடுமை. தானே கரையைக் கடந்தது டிசம்பர் 30-ல். அதாவது மார்கழி பாதியானாலும் பருவம் முடிந்ததாகக் கொள்ள முடியாது. போகிக்கு வீடு ஒழிக்கும்போது டிரம்மைத் திறந்து, ஆல்பங்களைக் காற்றாட விரித்து, பட்டுச் சேலைகளை மடிப்பு மாற்றி மடித்து வையுங்கள். நோட்டில் புதிதாகச் சேர்ந்தவற்றை எழுதிக்கொள்ளுங்கள். போகித் தீயில் பழைய காகிதம் எதையாவது போடும் முன் வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.